கார் முன்னால், வண்டி பின்னால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பச்சைக் காரை ஒரு வருடம் வைத்திருந்து, நடுரோட்டில் வெயிலில் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றவன் எவனாவது இருந்தால் அவன் வந்து என் கோபத்தைப் பற்றிப் பேசட்டும். அவனுக்கு நான் காபி வாங்கித் தருகிறேன்.

சீமையில் செய்த கார். சிறுமலை எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது, கை மாறிக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதி அது. சின்னாளப்பட்டியிலிருந்து உள்ளே மண் ரோட்டில் போனால் எங்கள் ஊர். தென்னந்தோப்பு இருந்தது, கிணற்றடியில் வெங்காயமும் தக்காளியும் போடுவோம். ஊரில் அதுவரை யாரும் கார் வாங்கியதில்லை. பவிசு காட்ட வாங்கினான் என்று பேசிக்கொண்டார்கள். வாய் இருக்கிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். நான் எதற்காக வாங்கினேன் என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

அவளுக்குத் தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடந்தது. தாய் வீடு என்றால் அடுத்த தெருதான், என் அத்தை வீடு. வலி கண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தாள். மருத்துவச்சி கையை விரித்த பிறகு, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அத்தை வீட்டு மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்தோம். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். மதுரை ரோட்டில், டவுன் எட்டுவதற்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் நிற்கும். அங்கே வரும்போது வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிறந்தது என்று அத்தை உள்ளிருந்து சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது அழவே இல்லை.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மறுபடி உண்டானால் அவளை மாட்டு வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குத்தான் கார்.

இப்போது அந்தக் காரின் குணத்தைச் சொல்கிறேன். வீட்டில் செல்ஃபைத் தொட்டால் போதும், உறுமிக்கொண்டு எழுந்துவிடும். மண் ரோட்டில் நன்றாகப் போகும். சின்னாளப்பட்டித் தெருவில் நெசவாளர்கள் தெருவை அடைத்துப் பாவு நூல் விரித்திருப்பார்கள், அவர்கள் ஒதுக்கிக் கொடுக்கும்வரை பொறுமையாக உறுமிக்கொண்டு நிற்கும். மெயின் ரோட்டுக்கு வந்து, காந்திகிராமம் தாண்டி, நானும் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கும் நேரத்தில் லேசாக ஒரு இருமல். கொஞ்ச தூரத்தில் இன்னொரு இருமல். பிறகு காரே ஒரு முறை குலுங்கும். அவ்வளவுதான், நின்றுவிடும். செல்ஃப் அடித்தாலும் வராது, முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுத் தோள்பட்டை கழலும் அளவுக்குச் சுற்றினாலும் வராது. அரை மணி நேரம் ரோட்டோர மரத்து நிழலில் உட்கார்ந்து, அந்தத் துரையின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்துவிட்டு வந்து செல்ஃபைத் தொட்டால், ஒன்றுமே நடக்காதது போல எழுந்துவிடும். மறுபடி கொஞ்ச மைல் போகும். மறுபடி இருமும்.

நாகல் நகரில் ஒரு மேஸ்திரி கார் பட்டறை வைத்திருந்தார். திண்டுக்கல்லில் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். காரை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் செய்கிற முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். பின்பக்க மட்கார்டுக்கு மேல் இருக்கும் டேங்க் மூடியைத் திறப்பார், ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார், "பெட்ரோல் கெடக்கே" என்பார். பிறகு மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்வருவார். அந்தச் சுற்றில் கார் ஒரு நாளும் நின்றதில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"என்ன மொதலாளி, ராசா மாதிரி ஓடுதே. நீங்க ஓட்டுறதுலதான் என்னமோ இருக்கு."

"நான் ஓட்டுறதுல இருக்கா? வாங்க மேஸ்திரி, என்கூட எங்க ஊர் வரைக்கும் வாங்க. நின்னுச்சுன்னா நீங்க தள்ளணும்."

"வேலை கெடக்கு மொதலாளி" என்று சிரிப்பார்.

ஆனாலும் சும்மா விடவில்லை மனிதர். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பரைப் புதிதாகப் போட்டார். காயிலைக் குறை சொன்னார், அதையும் மாற்றினார். டேங்க்கின் அடியில் கசடு தங்கியிருக்கும், பெட்ரோல் குறையக் குறைய அது மேலே வந்து அடைக்கிறது, அதனால் எப்போதும் டேங்க் நிறைய வைத்திருங்கள் என்று சொன்னார். நானும் விளிம்பு வரை நிரப்பி வைத்தேன். அதன் பிறகு கார் முன்னைவிடச் சீக்கிரமாக நிற்கத் தொடங்கியது.

ஊரில் என் மானம் கப்பலேறியது. ஒரு முறை சின்னாளப்பட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுபோய், உழுது முடித்து வந்த ஒருவருடைய ஏர்மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "நல்ல சோடி மாடு. காரு ரொம்ப உசத்தி போல, நாலு காலும் எட்டுக் காலும் சேந்து வருது" என்று ஒருவர் சொன்னார். நான் இறங்கிப்போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஸ்டியரிங்கை விட்டால் கார் வாய்க்காலில் இறங்கிவிடும் என்பதால் அன்றைக்கு அவர் தப்பினார்.

இந்த நேரத்தில்தான் என் மனைவி மறுபடி உண்டானாள்.

அவள் காரைத் திட்டியதே இல்லை. நான் திட்டினாலும் காதைப் பொத்திக்கொள்வாள். "அதைப் பேசாதீங்க. அதுதான் என்னையும் பிள்ளையையும் கொண்டு போகணும்" என்பாள். கார் வந்த நாளிலிருந்தே செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளித்துவிட்டு, சாமிக்கு விளக்கேற்றிய கையோடு சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுவாள். முன்விளக்குகளுக்குப் பொட்டு. ஸ்டியரிங்குக்குப் பொட்டு. கடைசியாகப் பின்பக்கம் போய் டேங்க் மூடியின் நடுவில் பெரிய பொட்டு.

"அங்க எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுதான அதோட வாயி. சாப்பிடுற வாய்க்கு வைக்காம வெறும் மூஞ்சிக்கு வச்சா எப்படி?"

சரி என்று விட்டுவிட்டேன். கார் ஒவ்வொரு முறை வழியில் நின்று நான் வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பும்போதும், அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனம் இன்னும் கொஞ்சம் கூடும். பழைய பொட்டைத் துடைக்க மாட்டாள். அதன்மேலேயே அடுத்ததை வைப்பாள். வெயிலில் காய்ந்து அது ஒரு வில்லை போல எழும்பி நின்றது. மேஸ்திரிகூட மூடியைத் திறக்கும்போது பொட்டில் எண்ணெய்க் கை படாமல் விளிம்பைப் பிடித்துத்தான் திருகுவார். பெட்ரோல் போடுகிறவர்களும் அப்படித்தான். குங்குமம் வைத்த இடத்தில் யார் கை வைப்பார்கள்?

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. அத்தைக்கு என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கதவைப் பார்த்துச் சொல்வார், மாட்டைப் பார்த்துச் சொல்வார், உரலைப் பார்த்துச் சொல்வார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் நேரில் பேசினால் மரியாதைக்காகவாவது கொஞ்சம் குறைத்துப் பேசுவார்கள். உரலிடம் பேசுகிறவருக்கு என்ன தடை?

மகளுக்கு மாதம் ஏற ஏற அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாட்டுத்தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பசுவிடம் கேட்பார்: "ஏன்டியம்மா, உனக்காச்சும் தெரியுமா? போற வழியில நிக்கிற இரும்பை நம்பி எம்பிள்ளைய ஏத்தலாமா?"

நான் வேறு ஏற்பாடும் செய்யாமல் இல்லை. நாகல் நகரில் என் சித்தப்பா மகன் வீடு இருந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அவளை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவது, வலி வந்தால் கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. எல்லாம் பேசியாகிவிட்டது. கொண்டுபோவதற்கு நல்ல நாள்கூடப் பார்த்துவிட்டார்கள்.

அந்த நல்ல நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் வழக்கம்போலக் குளித்து, விளக்கேற்றி, காருக்குப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

அத்தை ஓடிவந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கதவிடம் சொன்னார்: "மாசம் பத்தலையே. ராகுகாலம் வேற தொடங்கிருச்சு. செத்த நேரம் பொறுத்துக் கெளம்பலாம்னு சொல்லு."

"ராகுகாலமும் ஆச்சு கேதுகாலமும் ஆச்சு. ஏத்துங்க காருல" என்று நான் கத்தினேன்.

அத்தை என்னோடு வாதாடவில்லை. நான் பாய், தலையணை, தண்ணீர்ச் செம்பு என்று காரில் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பின்வாசல் வழியாகப் போய்த் தன் வீட்டு வண்டியைப் பூட்டச் சொல்லி எங்களுக்கு முன்னாலேயே குறுக்குப் பாதையில் மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிட்டார். வைக்கோல் பரப்பிய அதே வண்டி. அதே வண்டிக்காரர்.

எனக்கு இது தெரிந்தது சின்னாளப்பட்டி தாண்டி மெயின் ரோட்டில் ஏறியபோதுதான். முன்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. வண்டியைத் தாண்டும்போது வண்டிக்காரர் கையைத் தூக்கிக் கும்பிட்டார். நான் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தேன். அவர் சிறுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"வழியில நின்னா என்ன செய்யன்னு அந்த மலைக்குத் தெரியுமா?" என்று அத்தை மலையிடம் கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பின்சீட்டில் அவள் முனகினாள், வாயை மூடிக்கொண்டேன். காந்திகிராமம் கடந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நிற்காதே, நிற்காதே, இன்றைக்கு ஒரு நாள் நிற்காதே என்று மனதுக்குள் அந்தக் காரைக் கெஞ்சினேன். வாங்கிய நாளிலிருந்து அதனிடம் நான் மரியாதையாகப் பேசியது அன்றுதான்.

இருமியது.

"ஏங்க" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல, ரோட்டுல பள்ளம்" என்றேன். இன்னொரு இருமல். குலுங்கல். நின்றுவிட்டது.

இறங்கினேன். பானட்டைத் திறந்தேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், பம்ப்பின் லீவரைக் கையால் அடித்துப் பார்த்தேன், கார்புரேட்டர் குழாயைக் கழற்றி வாய் வைத்து உறிஞ்சினேன். எத்தனை முறை செய்தவை. ஒன்றுக்கும் அசையவில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். ஹேண்டில் நழுவி முழங்காலில் அடித்தது. உள்ளே அவள் சத்தம் போடாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. ரோட்டில் ஒரு பஸ் இல்லை, ஒரு லாரி இல்லை.

தூரத்தில் சலங்கைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அந்தச் சத்தம் நெருங்க நெருங்க எனக்குக் காதுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. ஹேண்டிலைச் சுற்றுகிறேன், சலங்கை கேட்கிறது. செல்ஃபை அழுத்துகிறேன், சலங்கை கேட்கிறது. கடைசியில் மாடுகளின் மூச்சே என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வண்டிக்காரர் குதித்து இறங்கினார்.

"வைக்கலு மெத்தை மாதிரி போட்டிருக்கேன் மொதலாளி. அம்மாவைத் தூக்கிரலாமா?"

பின்சீட்டிலிருந்து அவள் சொன்னாள். "நான் அதுல ஏறமாட்டேன்."

"ஏறும்மா, வேற என்ன செய்ய? இன்னைக்கு இது நகராது" என்று அத்தை அழாத குறையாகச் சொன்னார்.

"ஏறமாட்டேம்மா. நடந்து போகச் சொன்னாலும் போறேன். அந்த வண்டியில ஏறமாட்டேன்." அவள் வண்டியைப் பார்க்கக்கூட இல்லை, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேஸ்திரி சொன்ன ஒரு வைத்தியம் நினைவுக்கு வந்தது. டேங்க்கிலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சி ஒரு பாட்டிலில் பிடித்து, பாட்டிலை பானட்டுக்குள் உயரத்தில் கட்டிவிட்டால் கார்புரேட்டருக்கு நேராக இறங்கும் என்று சொல்லியிருந்தார். குழாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மூடியைத் திருகினேன். திருகும்போதே உள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது, கோலிசோடாவைக் குத்தினால் வருமே, அது மாதிரி. விளிம்பு வரை இருந்த பெட்ரோல் தளும்பி மட்கார்டில் வழிந்தது. இது என்ன என்று நினைத்தாலும் நிற்க நேரமில்லை. குழாயை விடுவதற்கு முன்னால், எதற்கும் பார்ப்போம் என்று ஓடிப்போய் செல்ஃபைத் தொட்டேன்.

எழுந்துவிட்டது.

ஏன் எழுந்தது என்று நான் கேட்கவில்லை. மூடியைப் போட்டு இறுக்கினேன், ஏறினேன், ஓட்டினேன். சலங்கை பின்னால் போய் மறைந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திண்டுக்கல் பாறை தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல இருக்கும். அந்தப் பாழும் புளியமரம் இன்னும் வரவில்லை. அவளும் அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த மரத்துக்கு முன்னாலேயே மறுபடி இருமியது. குலுங்கியது. நின்றது.

இந்த முறை நான் பானட் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய் மூடியைத் திருகினேன். அதே புஸ். காற்று உள்ளே போகிற சத்தம். போகிற சத்தம் என்றால், அதுவரை உள்ளே போகவில்லை என்று அர்த்தம். நான் மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டை மூடியின் மேற்பக்கத்தில் எங்கே வந்து முடிகிறது என்று பார்க்கத் திருப்பினேன். மேற்பக்கத்தில் சந்தனம். நடுவில் அன்று காலையில் வைத்த புதுக் குங்குமம்.

பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வரும் வழியை அடைத்துவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே இருக்கிற காற்றும் குறைவு, இன்னும் சீக்கிரமாக அடைத்துக்கொள்ளும். பிளக்கை மாற்றி, பம்ப்பை மாற்றி, காயிலை மாற்றி, மேஸ்திரி கை வைக்காத இடம் அந்தக் காரில் இல்லை, இந்த ஒரு இடத்தைத் தவிர. பொட்டை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. குச்சி விட்டுப் பார்க்க அவர் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே போயிருக்கும், அதனால்தான் அவர் போய்வரும் சுற்றில் கார் நின்றதில்லை. கார் நின்றது என்று அவள் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்தாள் என்று கார் நின்றது.

"உன் பொட்டுதான்டி என் உயிரை வாங்குச்சு" என்று தொண்டை வரை வந்துவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைச் சொல்லியிருப்பேன், அதற்கு மேலும் சொல்லியிருப்பேன். கார் சாவியை எடுத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டக் கையை வைத்தேன்.

"என்ன செய்றீங்க?" அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் அவள் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. "அதை அழிக்காதீங்க."

அத்தை மறுபக்கம் இறங்கி, ரோட்டோரப் பனைமரத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். "வலியெடுத்துக் கெடக்குற பொம்பளைக்கு முன்னாடி குங்குமத்தை அழிக்கிற ஆம்பளைய எங்கயாச்சும் பாத்திருக்கியா? கெளம்பினது ராகுகாலத்துல. இப்ப இதுவும் நடக்குதே."

என் கை நின்றுவிட்டது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் அவளுக்கு உண்டு. முன்பு பறிகொடுத்தவள் அவள். அவள் கண் முன்னால் அதைச் சுரண்டினால் அவளுக்குள் ஏதோ ஒன்று இற்றுப்போகும் என்று பயந்தேன். மூடியைத் திறந்துபோட்டே ஓட்டிவிடலாம் என்றால் டேங்க் தளும்புகிறது, பெட்ரோல் நெடியில் அவளுக்கு ஏற்கெனவே குமட்டுகிறது. பின்னால் எங்கேயோ சலங்கை மறுபடி லேசாகக் கேட்டது.

மூடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

"இந்தா, பாரு. இந்தப் பொட்டுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கு. காத்து போற ஓட்டை. அது அடைச்சிருக்கு. அதுனாலதான் நிக்குது."

அவள் மூடியைக் கையில் வாங்கினாள். அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மேற்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு வலி வந்து போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இத்தனை நாளும் இதுதானா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். வாயில் வரவில்லை. "ஆமா" என்றேன்.

அவள் நகத்தைக் கொடுத்து அந்தச் சந்தன வில்லையை நெம்பினாள். பாதி வந்தது, மீதி ஒட்டிக்கொண்டு நின்றது. கொண்டையில் கையை விட்டு ஊசியை உருவினாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. சுரண்டினாள், ஊசியின் முனையை ஓட்டையில் விட்டுக் குத்தினாள், எடுத்து உதட்டில் வைத்து ஊதினாள், மறுபடி குத்தினாள். அத்தை அழுவதை நிறுத்திவிட்டு மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்த சந்தனத் தூளை அவள் கீழே விடவில்லை, மடியில் பிடித்து முந்தானையில் முடிந்தாள்.

"சாமிக்கு வச்சது, காலுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டு மூடியை என்னிடம் நீட்டினாள். "போங்க. சீக்கிரம் எடுங்க."

புளியமரத்தைத் தாண்டியது எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்று அத்தை பிறகு சொன்னார். ரயில்வே கேட் திறந்திருந்தது. கார் ஒரு முறைகூட இருமவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அத்தையும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து, "மாசம் பத்தலை. இங்க முடியலைன்னா மதுரைக்குத்தான் கொண்டு போகணும். கார் தயாரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே திரும்பிவிட்டார்.

தயாராக இருக்க வேண்டுமாம். நான் இஞ்சினை அணைக்கவே இல்லை. அணைத்தால் திரும்ப எழுமா? ஓட்டை திறந்துவிட்டது, இனி நிற்காது என்று புத்திக்குத் தெரிகிறது. புத்தியை யார் கேட்டார்கள்? ஒரு வருடமாக என் கழுத்தை அறுத்த கார். பிரசவ அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே அதை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, ஆக்ஸிலேட்டரைக் கையால் அழுத்திக்கொண்டு குனிந்து நின்றேன். சத்தம் கொஞ்சம் தணிந்தாலும் இன்னும் அழுத்தினேன். புகை வராந்தா வரை போனது. ஒரு நர்ஸ் வந்து ஏதோ திட்டினாள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். மதுரை எவ்வளவு தூரம், டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது, எதுவரை நிற்காமல் போகலாம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முன்பு ஒரு முறை காதைத் தீட்டிக்கொண்டு நின்றவன் நான். இந்த முறை எதையும் கேட்காமல் இருப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுத்தினேனோ என்னவோ.

அத்தை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் வாய் அசைந்தது. இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. தூணைப் பார்த்துப் பேசுகிறாரா என்று பார்த்தேன். தூண் அந்தப் பக்கம் இருந்தது. அவர் படி இறங்கி வந்தார், காருக்கு அருகே வந்தார், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாப்ள" என்றார். "அந்தச் சனியனைச் செத்த நிப்பாட்டுங்க. பிள்ளை அழுகுறது கேக்கல."

நான் சாவியைத் திருப்பினேன். கார் நின்றது. மேலே ஜன்னலுக்குள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.